செருகாத கேபிள்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வருகிற நேரம் எதையும் நான் குத்துமதிப்பாக எழுதவில்லை. சர்வர் தானாகவே நிமிடம் தவறாமல் எழுதி வைக்கும் பதிவு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அதன் ஒரு காப்பி என் லேப்டாப்பில் இருக்கிறது. இன்னொன்று போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது.

என் பெயர் கார்முகிலன். வீடு காட்பாடி. ஆபீஸ்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பதினோரு வருடமாக இதே வேலை. சாமி கும்பிடுவேன். பேய், பிசாசு என்றால் காதிலேயே வாங்க மாட்டேன். கேபிள் செருகியிருந்தால் லைட் எரியும், பிடுங்கினால் அணையும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. பக்ரீத்துக்கு மறுநாள்.

ஆம்பூர் பைபாஸைத் தாண்டி ஒரு ஷூ ஃபேக்டரி. பெயர் வேண்டாம். முன்பக்கம் ஷூ தைக்கும் ஹால்கள், பின்பக்கம் பழைய தோல் பதனிடும் ஷெட்டுகள். பண்டிகைக்காக மூன்று நாள் லீவு. தொள்ளாயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் அன்றைக்கு ஒரு ஆள் சத்தம் இல்லை. அந்த மாதிரி லீவு நாளில்தான் எங்களுக்கு வேலை வரும். ஆள் இருக்கும்போது சர்வரை நிறுத்த விடமாட்டார்கள்.

அங்கே கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் வக்கார் அகமது. ஐம்பதை நெருங்குகிறவர். சாயங்காலம் 5.10-க்கு என்னைச் சர்வர் ரூமுக்கு அழைத்துப் போனார்.

"அறுபத்திரண்டு கேமரா, முகிலன். எல்லாம் இந்த ஒரே சர்வருக்கு வருது. டிசைன் ஃபைலும் இதுலதான். இன்டர்காமும் இதுலதான். லோடு ஜாஸ்தியாகி எல்லாம் நின்னு நின்னு போவுது. செவ்வாக்கெழம வெளிநாட்டு பையர் ஆடிட். அவங்க அங்க உக்காந்துகினே கேமரா பாக்கணுமாம். ஒரே பேஜாரா இருக்கு."

"நாலு போர்ட் கார்டு வந்திருக்கா?"

"வந்திருக்கு. போட்டு முடிச்சிடுங்க. வீட்ல சொந்தக்காரங்க வந்திருக்காங்க. நான் போய்ட்டு எட்டு மணிக்குள்ள பிரியாணியோட வர்றேன்."

வேலை என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் குழப்பம் வராது. சர்வரின் முதுகில் இருக்கும் நெட்வொர்க் கார்டில் ஒரு கேபிள் போட்டால் ஒரு அளவுக்குத்தான் டேட்டா போகும். நாலு கேபிளைப் போட்டு, நாலையும் சேர்த்து ஒன்றாகவே நினைத்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்லிவிடலாம். வேகம் அவ்வளவு மடங்கு கூடும். ஒரு கேபிள் போனாலும் மற்றவை சமாளிக்கும். இதைத்தான் பாண்டிங் என்கிறோம். ஆயிரம் தடவை செய்திருப்பேன்.

புதிய கார்டை மாட்டினேன். நாலு போர்ட்டையும் சேர்த்து செட்டிங் போட்டேன். கேபிள் மூன்று சரியாக வந்தது. நாலாவதின் முனையில் எத்தனை தடவை கனெக்டர் மாட்டினாலும் டெஸ்டரில் விளக்கு எரியவில்லை. பையில் இருந்த கனெக்டர்களும் தீர்ந்துவிட்டன. பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்? இப்போதைக்கு மூன்றோடு ஓடட்டும், நாலாவதை நாளைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாலை 6.42. பாண்டிங் ஓடத் தொடங்கியது. திரையில் வந்தது: மொத்தம் நாலு போர்ட். மூன்று இயங்குகிறது. ஒன்று காலி.

கேமராக்களைத் திறந்து பார்த்தேன். அறுபத்திரண்டும் தடங்கல் இல்லாமல் ஓடின. காலியான தையல் ஹால்கள், மூடிய கேட், அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி ரூமில் பேப்பர் படிக்கும் ஜான்சன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. பையை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

6.58. டிங் என்று லேப்டாப்பில் ஒரு சத்தம்.

நாலு இயங்குகிறது.

சாஃப்ட்வேர் ஏதோ உளறுகிறது என்று நினைத்தேன். எழுந்து போய் சர்வரின் பின்னால் குனிந்து பார்த்தேன். மூன்று போர்ட்டில் நீலக் கேபிள். நாலாவது போர்ட் வெறும் ஓட்டை. ஆனால் அதன் மேலே இருந்த சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிவது மட்டும் இல்லை. சிமிட்டியது. டேட்டா போய் வந்தால்தான் அது சிமிட்டும்.

குனிந்த இடத்திலேயே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்...

கொஞ்ச நேரத்தில் அணைந்தது. பதிவைப் பார்த்தேன். 6.58-க்கு வந்து நாற்பத்தொரு வினாடி இருந்திருக்கிறது.

கார்டு புதுசுதான், ஆனால் பழுதாக வந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலாவது போர்ட்டை செட்டிங்கில் இருந்தே மூடினேன். அப்படி மூடினால் கேபிள் செருகினால்கூட விளக்கு எரியக்கூடாது.

7.11. மறுபடி எரிந்தது.

நாற்பத்தொரு வினாடி. அணைந்தது.

ஏ.சி. ரூமில் என் முதுகு நனைந்திருந்தது. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஜான்சன். அறுபத்தைந்து வயதுக்காரர், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். மூச்சு வாங்க வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், நீங்க இன்னா பண்ணீங்க?"

"ஏன்?"

"கேட்ல போன் அடிச்சுது. நம்பர் பாத்தேன். நூத்திப்பத்தொம்போது."

"அது எந்த இடம்?"

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த எடத்துல போன் இல்ல சார். ஆளும் இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார். நூற்றுப்பத்தொன்பது என்பது பின்பக்கம் இருக்கும் பழைய தண்ணீர் பிளாண்ட். தோல் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடம். அதன் பம்ப் ரூமில் ஒரு இன்டர்காம் வைத்திருந்தார்கள். நம்பர் அழுத்தவே வேண்டாம். ரிசீவரை எடுத்தாலே கேட்டில் அடிக்கும். 2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை மதியம், அங்கே சேறு எடுக்க இறங்கிய ரெண்டு பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். அன்றைக்கு சாயங்காலமே நிர்வாகம் பிளாண்டை ஷட்டர் இழுத்துப் பூட்டிவிட்டது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. இப்போது தண்ணீர் எல்லாம் குழாயில் வேறு இடத்துக்குப் போகிறது.

"பூட்டின அப்புறம்தான் சார் அது ஆரம்பிச்சுது."

"எது?"

"போன். சனிக்கெழம சாயங்காலம் அடிச்சுது. ராத்திரி அடிச்சுது. ஞாயித்துக்கெழம முழுக்க. அந்த நம்பர்தான். உள்ள ஆள் இல்ல, வெளிய பூட்டு. நான் தனியாள். ஒரு தபா எடுத்தேன்..."

"யாரு பேசினாங்க?"

"பேச்சு இல்ல சார். இழுத்து இழுத்து மூச்சு. அப்புறம் இரும்புல தட்ற மாதிரி. டக்... டக்... டக். மூணு தபா. வச்சிட்டேன். செத்தவங்கதான் கூப்புடறாங்கன்னு நெனச்சேன். ஜெபம் பண்ணேன். திங்கக்கெழம வக்கார் சார்கிட்ட சொன்னேன். அவரு மேல ஏறி அந்த ஒயரயே வெட்டிட்டாரு. அதோட நின்னுது."

தலைக்கு மேலே சீலிங்கைக் காட்டினார்.

"ரெண்டு வருசம் ஆவப்போவுது சார். இன்னிக்குத்தான் மறுபடி."

அவரைக் கீழே போகச் சொன்னேன். போனார். நான் மேஜை மேல் ஏறி ஒரு சீலிங் பலகையைத் தள்ளிப் பார்த்தேன். தூசி. எலிப் புழுக்கை. சுருட்டிப்போட்ட சாம்பல் நிறக் கேபிள் ஒன்று. அதன் முனையைக் கத்தரியால் வெட்டியிருந்தது. செப்புக் கம்பிகள் பச்சையாகப் பூத்துப்போய்க் கிடந்தன. அதில் இருந்து சர்வருக்கு ஆறடி தூரம். நடுவில் வெறும் காற்று.

அடுத்த தடவை அந்த விளக்கு எரிந்தால் அதன் வழியாக என்ன வருகிறது என்று பிடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு சாஃப்ட்வேர் உண்டு. போர்ட்டில் வருவதை எல்லாம் பதிவு செய்யும். போன் பேச்சாக இருந்தால் ஒலியாகவே கேட்க வைக்கும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலைப்பக்கம் இருட்டிவிட்டது.

7.26. விளக்கு எரிந்தது.

ஹெட்செட்டில் முதலில் இரைச்சல்.

பிறகு மூச்சு.

உள்ளே இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். வெளியே விடும்போது ஒரு கரகரப்பு. ஆஸ்துமாக்காரர்கள் மூச்சை விடச் சிரமப்படுவார்கள். இது அப்படி இல்லை. தொண்டை பாதி மூடிப்போன ஆளின் மூச்சு.

டக்... டக்... டக்.

மூச்சு.

டக்... டக்... டக்.

நாற்பத்தொரு வினாடி. நின்றது.

ஹெட்செட்டைக் கழற்றினேன். அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஏன் கிளம்பவில்லை என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். உண்மையைச் சொன்னால், படிக்கட்டில் தனியாக இறங்கப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

8.05-க்கு வக்கார் வந்தார். கையில் டிபன் கேரியர். புதுச் சட்டை, அத்தர் வாசனை. என் முகத்தைப் பார்த்ததும் கேரியரைக் கீழே வைத்தார்.

"இன்னா ஆச்சு?"

"நூத்திப்பத்தொம்போது."

அவர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"ஜான்சன் சொன்னாரா?"

"சொன்னாரு. நானும் கேட்டேன், பாய்."

"அந்த ஒயர வெட்டிட்டேன்பா நான். இந்தக் கையால வெட்டினேன்."

"தெரியும். மேல பாத்தேன்."

அவர் உதடு அசைந்தது. ஏதோ ஓதினார். நான் ஹெட்செட்டைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டேன். ரெண்டு பேரும் அந்தப் போர்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பிரியாணியின் வாசனை ரூம் முழுக்க இருந்தது. அதைத் திறக்க யாருக்கும் மனசு வரவில்லை.

8.12. எரிந்தது.

மூச்சு.

டக்... டக்... டக்.

மூச்சு... மூச்சு...

பிறகு ஒரு சொல். குரல் இல்லை. காற்று மட்டும். உதட்டில் இருந்து உரித்து எடுத்த மாதிரி.

"தண்ணி..."

நின்றது.

வக்கார் எழுந்தார். வெளியே ஓடுவார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அந்த ரெண்டு பேரும் நிமிசத்துல போய்ட்டாங்க முகிலன். மூழ்கவே இல்ல. வாயுதான். டாக்டர் சொன்னாரு." என் பக்கம் திரும்பினார். "செத்தவன் ஏன் தண்ணி கேக்கறான்?"

அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கே போய்ப் பாத்திருக்கணும். ஒயர வெட்றதுக்கு முன்னாடி ஒரு தபா போய் அந்த ஷட்டர்ட்ட காத வச்சிருக்கணும்."

"ஏன் போகல?"

"பயம்."

அவர் கீழே இறங்கினார். நானும் இறங்கினேன். ஜான்சனிடம் சாவி கேட்டார். ஜான்சன் சாவிக் கொத்தைக் கொடுத்தார். கூட வர மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நாங்கள் பத்தடி போன பிறகு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பின்பக்கம் போகிற வழியில் லைட் கிடையாது. தோல் உருட்டும் பெரிய மர டிரம்கள் வரிசையாக நின்றன. தூரத்தில் ஹைவேயில் லாரிச் சத்தம். எங்கள் செருப்புச் சத்தம்.

ஷட்டர் துருப்பிடித்திருந்தது. அதன் அடியில் புல் முளைத்திருந்தது. சாவி பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. வக்கார் ஒரு இரும்புக் கம்பியை எடுத்துவந்து பூட்டில் கொடுத்து நெம்பினார். நான் என் போனில் மணி பார்த்தேன். 8.44.

அப்போதுதான் கேட்டது.

உள்ளே இருந்து.

டக்... டக்... டக்.

ஜான்சனின் டார்ச் வெளிச்சம் ஷட்டரில் ஏறி இறங்கியது.

பூட்டு உடைந்தது. மூன்று பேரும் சேர்ந்து ஷட்டரை இடுப்பளவு தூக்கினோம். குனிந்து உள்ளே போனோம். சிமெண்ட் தொட்டிகள். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு. நாற்றம்கூட மிச்சம் இல்லை. மூலையில் கீழே இறங்கும் படிகள். பன்னிரண்டு படி. அடியில் ஓர் இரும்புக் கதவு.

கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

வெளிப்பக்கம்.

"இது பம்ப் ரூமு," என்றார் வக்கார். "யாரு இதத் தாழ் போட்டது?"

தட்டல் நின்றுவிட்டது.

கதவின் அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி. அதன் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

பச்சையாக. மங்கலாக.

வக்கார் தாழ்ப்பாளை இழுத்தார்.

வரவில்லை.

நானும் பிடித்தேன்.

வந்தது.

கதவு திறந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு போன். அதன் சின்னத் திரை எரிந்துகொண்டிருந்தது. 119.

ரிசீவர் சுவரில் இல்லை. சுருள் வயர் கீழே தொங்கியது.

வயரோடு கண்ணை இறக்கினேன்...

ஒரு மடி.

மடியில் ரிசீவர்.

அதன் மேல் ஒரு கை.

எலும்பு.

திரை அணைந்தது.

சர்வரின் பதிவில் அந்த நாளின் கடைசி வரி இதுதான். 8.53. நாலாவது போர்ட் துண்டிப்பு.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு எளிதாகப் புரியும். போலீஸ் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஹெலன் என்று ஒரு அம்மா. எங்கள் மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தார். போன் அடித்ததைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். பம்ப் ரூமில் இருந்து வரும் கேபிளை அவருடைய ஆட்களே முனைக்கு முனை பிடித்துக்கொண்டு வந்தார்கள். அது சீலிங்கில், நான் பார்த்த அதே வெட்டுப்பட்ட முனையில்தான் முடிந்தது. அந்தப் போனுக்குக் கரண்டும் அந்தக் கேபிளில்தான் வரவேண்டும். வேறு வழியே கிடையாது. நாங்கள் கண்ணால் பார்த்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. பெயர் பரந்தாமன். முப்பத்தாறு வயது. குடியாத்தத்துக்காரர். காண்ட்ராக்டில் வந்தவர், ஃபேக்டரி ரிஜிஸ்டரில் பெயரே இல்லை. அவரோடு வேலை செய்தவர்கள் அந்த ரெண்டு பேர்தான். அவர்கள் செத்துப்போனார்கள். மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தார் என்று சொல்ல யாரும் மிச்சம் இல்லை. அழைத்துவந்த மேஸ்திரி மட்டும், "அவன் பயந்து ஓடிப்போய்ட்டான்" என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்பது இப்போது கோர்ட்டில் இருக்கிறது.

வாயு வந்தபோது பரந்தாமன் மோட்டாரை நிறுத்த ஓடிப்போய்க் கீழே இறங்கியிருக்கிறார். அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறார். மேலே ஒரே களேபரம். செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவசர அவசரமாகப் பூட்டும்போது யாரோ கீழே எட்டிப் பார்க்காமல் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டார்கள்.

அவருடைய மனைவி யோகலட்சுமி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். லுங்கி தறியில் நூல் சுற்றும் வேலை. வெளியே மரத்தடியில் நின்றவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதான் கேட்டீங்களாமே, அண்ணா."

"ஆமாம்மா."

"அவரு எதனா சொன்னாரா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இல்லம்மா. தட்ற சத்தம் மட்டும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டார். "ரெண்டு வருசமா நான் பொட்டு வச்சிக்கினுதான் இருந்தேன். எங்கனா இருப்பாருன்னு."

நான் பொய் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன்.

அந்த நாலாவது போர்ட்டுக்கு நான் நல்ல கேபிள் போட்டுப் பார்த்தேன். கார்டையே மாற்றிப் பார்த்தேன். அந்த சர்வரில் நாலாவது இன்றுவரை இயங்கவில்லை. மூன்று ஓடுகிறது.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஜூலை மாதம் கையெழுத்துப் போடுவதற்காக வக்காரையும் என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஹெலன் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். பம்ப் ரூமில் ஓர் அட்டையில் கிளிப் போட்டு மாட்டியிருந்த தாள். மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது என்று ஆபரேட்டர்கள் எழுதிவைக்கும் தாள். பரந்தாமன் அதில் எழுதியிருந்தார். நேரம் போட்டு, வரிசையாக. நேரம் அவருக்குப் போனின் திரையில் தெரிந்திருக்கும். அந்த ரூமில் இருந்த ஒரே வெளிச்சமும் அதுதான்.

இன்ஸ்பெக்டர் படித்தார்.

"பன்னெண்டாம் தேதி, சாயங்காலம் 5.40. கதவு வெளிய தாழ். தொண்ட எரியுது. கொரல் வரல."

"6.10. போன் பண்றேன். எடுக்கல."

"7.00. எடுக்கல."

எடுக்கல. எடுக்கல. அந்தப் பக்கம் முழுக்க அதே சொல்.

"பதிமூணாம் தேதி, ராத்திரி 10.30. எடுத்தாங்க. தட்னேன். வச்சிட்டாங்க."

"பதினாலு, காலைல 11.15. எடுக்கல."

அடுத்த வரியில் நேரம் இல்லை. எழுத்து கோணலாக, கோட்டை விட்டு இறங்கிப் போயிருந்தது.

"போன் லைட்டு அணஞ்சிடுச்சி."

வக்கார் கண்ணை மூடிக்கொண்டார். செத்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து அவர் கேபிளை வெட்டிய நேரம் அது. அன்றைக்குக் கேட்டில் அடித்தது பேய் இல்லை. உயிரோடு இருந்த ஆள்.

அதற்குக் கீழேயும் ஒன்பது வரி இருந்தது. இருட்டில் எழுதியது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தது. ஒரே ஒரு வரியைத்தான் படிக்க முடிந்தது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதை வைத்துத்தான் பரந்தாமன் எந்தத் தேதி வரை உயிரோடு இருந்தார் என்று கண்டுபிடித்தார்களாம்.

"மேல மைக்ல பேசறாங்க. எல்லாரும் கைதட்டறாங்க."

ஆகஸ்ட் பதினைந்து. சுதந்திர தினம். ஃபேக்டரியில் கொடி ஏற்றியிருக்கிறார்கள். முப்பது நாற்பது பேர். மிட்டாய் கொடுத்திருக்கிறார்கள். பூட்டிய அந்த ஷெட்டில் இருந்து நூறு அடி தூரத்தில்.

வக்கார் அந்த உறையை மெல்ல இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மைக் செட்டு போட்டது நான்தான், முகிலன்."